குவாங்சோ பயணமா? புறப்படும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

சூரமங்கலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து வருகிறேன். அண்மையில் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் புது லேப்டாப்புடன் கடைக்கு வந்தார். "அண்ணா, வியாபார விஷயமா சீனாவுக்கு, குவாங்சோ போறேங்க. இதுல என்னென்ன போட்டுட்டுப் போகணும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முன் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

2018 அக்டோபரில் நானும் ஒரு நண்பரும் குவாங்சோ சென்றிருந்தோம். 1957 முதல் அங்கு நடந்து வரும் கேன்டன் பேர் என்ற பெரிய வணிகக் கண்காட்சியைப் பார்க்கத்தான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்ப டாக்சியை நிறுத்தினோம். ஓட்டலின் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் டிரைவருக்குப் புரியவில்லை. முகவரி என் மெயிலில் இருந்தது, மெயில் திறக்கவில்லை. மேப்பும் திறக்கவில்லை. மூன்று டாக்சிகள் போய்விட்டன. நண்பருக்குச் சர்க்கரை நோய். அவர் போட வேண்டிய இன்சுலினோ ஓட்டல் அறையில். மணி பதினொன்றைத் தாண்டியது. அவர் சட்டைப் பையைத் துழாவியபோது அறைச் சாவி அட்டையின் உறை கிடைத்தது. அதில் ஓட்டலின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் அச்சாகி இருந்தன. நான்காவது டிரைவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இருபது நிமிடத்தில் அறைக்கு வந்து சேர்ந்தோம்.

இரண்டு ஸ்மார்ட் போன்கள் செய்யாததை ஒரு துண்டுக் காகிதம் செய்தது. சீனப் பயணத்தில் நமக்குத் தேவையான தகவல் இன்டர்நெட்டில் இருந்தால் போதாது. கையில் இருக்க வேண்டும். அதற்கான வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்துக் கொள்ளலாம்.

1. எவை திறக்காது?

நாம் தினமும் பயன்படுத்தும் பல தளங்கள் சீனாவில் தடுக்கப்பட்டுள்ளன. பேஸ்புக்கும் யூடியூபும் 2009 முதல், ஜிமெயில் 2014 இறுதி முதல், வாட்ஸ்அப் 2017 முதல் அங்கு திறப்பதில்லை. கூகுள் தேடல், கூகுள் டிரைவ் ஆகியவையும் அப்படியே. ஓட்டல் வைபையிலும் அங்கு வாங்கும் சிம்மிலும் இதே நிலைதான். "எல்லாம் மெயிலில் இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

2. ஒரு போல்டர், எல்லாம் அதற்குள்

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் எனத் தேர்ந்தெடுங்கள். "பயணம்" என்று பெயர் கொடுங்கள். பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா, விமான டிக்கெட், ஓட்டல் பதிவு, இன்சூரன்ஸ், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் இதில் சேமியுங்கள். மெயிலில் உள்ளதைச் சேமிக்க, அந்த மெயிலைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்துங்கள். பிரிண்டர் பெயர் கேட்கும் இடத்தில் "மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் காகிதத்திற்குப் பதிலாக பிடிஎப் பைலாகச் சேமிக்கலாம். விண்டோஸ் 10 முதல் இந்த வசதி உள்ளது.

பிறகு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, இந்தப் போல்டரை அப்படியே போனுக்குக் காப்பி செய்திடுங்கள். பென் டிரைவில் இன்னொரு காப்பி. முக்கியமான தாள்களைப் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வையுங்கள்.

3. முகவரிச் சீட்டு

இதுதான் மிக முக்கியம். ஓட்டலுக்கு மெயில் அனுப்பி, பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் காப்பி செய்து வேர்டில் பேஸ்ட் செய்து, எழுத்தின் அளவை 28 ஆக்குங்கள். கீழே ஓட்டலின் போன் எண்ணைச் சேருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரலாம். வேர்ட் பைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், அதில் சீன பான்ட் இல்லாத நிலையில் எழுத்துக்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். பிடிஎப் பைலாக மாற்றிவிட்டால் எழுத்து வடிவமும் பைலுடன் சேர்ந்தே செல்லும். எங்கு திறந்தாலும் சரியாகத் தெரியும். நான்கு பிரிண்ட் எடுத்து, உடன் வரும் ஒவ்வொருவர் பையிலும் ஒன்று வையுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் "இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்" என்ற வரியையும், நோய் உள்ளவர்கள் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் இதேபோல் சீட்டாக்கிக் கொள்வது நல்லது. அங்கு போலீஸ் எண் 110, ஆம்புலன்ஸ் 120, தீயணைப்பு 119. குவாங்சோவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொள்ளுங்கள்.

4. மொழிபெயர்ப்பு

கூகுள் டிரான்ஸ்லேட் ஆப்பில் ஆங்கிலம், எளிய வடிவச் சீனம் ஆகிய இரண்டு மொழிகளையும் ஊரில் இருக்கும்போதே டவுண்லோட் செய்திடுங்கள். அப்போது இன்டர்நெட் இல்லாமலும் அது இயங்கும். கேமராவை ஓட்டல் மெனு மீது காட்டினால் ஓரளவு பொருள் தெரியும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வேலை செய்கிறதா என வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சந்தையில் பேரம் பேச மொழியே தேவையில்லை. கடைக்காரர் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவார். நீங்கள் உங்கள் விலையை அடித்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

5. மேப்

சீனா தனக்கென ஒரு வரைபடக் கணக்கு முறையை வைத்துள்ளது. இதனால் கூகுள் மேப்பில் சாட்டிலைட் படமும் சாலைக் கோடும் அங்கு ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சில நூறு மீட்டர் கூடத் தள்ளி இருக்கலாம். அதை நம்பி நடக்க வேண்டாம். குவாங்சோ மெட்ரோ ரயில் வரைபடத்தை டவுண்லோட் செய்து பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். நிலையப் பெயர்கள் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கும். அறிவிப்பும் ஆங்கிலத்தில் வரும். கேன்டன் பேர் நடக்கும் இடத்திற்கு 8ஆம் எண் பாதையில் செல்லலாம். உங்கள் ஓட்டலுக்குப் பக்கத்தில் உள்ள நிலையத்தைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள்.

6. பணம்

அங்கு டீக்கடை வரை அலிபே, வீசாட் பே மூலம்தான் பெரும்பாலும் பணம் செலுத்துகிறார்கள். வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை இவற்றில் இணைக்கும் வசதி 2023ல் விரிவாக்கப்பட்டது. ஆனால் நம் நாட்டில் வீசாட் 2020 ஜூனிலும், அலிபே அதே ஆண்டு செப்டம்பரிலும் தடை செய்யப்பட்டன. எனவே மற்ற நாட்டுப் பயணிகளுக்கு எழுதப்பட்ட ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாது. நம் ஊர் யுபிஐ ஆப்களையும் நம்பிச் செல்ல வேண்டாம்.

உரிமம் பெற்ற அந்நியச் செலாவணி நிறுவனத்தில் யுவான் நோட்டு வாங்கிச் செல்லுங்கள். 10, 20 யுவான் நோட்டுகளாகக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சீன மத்திய வங்கி 2020 டிசம்பரில் அறிவித்துள்ளது. ஆனால் சில்லறை இல்லாமல் நிற்க நேரலாம். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நெட் பேங்கிங்கில் முன்பே ஆன் செய்து வையுங்கள்.

7. நம் சிம்மை விட்டுவிடாதீர்கள்

நம் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங் பேக் போட்டுச் சென்றால் ஒரு நன்மை உண்டு. ரோமிங் டேட்டா பொதுவாக நம் நாட்டு நிறுவனம் வழியாகவே இன்டர்நெட்டுக்குச் செல்வதால், வாட்ஸ்அப்பும் மெயிலும் பெரும்பாலும் திறக்கும். திறக்கவில்லை எனில் ஓட்டல் வைபையை ஆப் செய்துவிட்டுப் பாருங்கள். வங்கி அனுப்பும் ஓடிபியும் இந்த எண்ணுக்குத்தான் வரும். 2018ல் நான் செலவை மிச்சம் பிடிக்க அங்குள்ள சிம்மை வாங்கிப் போட்டேன். அந்த மிச்சம்தான் எங்களை நடுத்தெருவில் நிறுத்தியது.

8. வீட்டில் இன்னொரு கடிகாரம்

அன்று இரவு சூரமங்கலத்தில் மணி ஒன்பது. நண்பரின் மனைவி வாட்ஸ்அப்பில் அழைத்து அழைத்துப் பதில் இல்லாமல் பயந்து போயிருக்கிறார். சீன நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி கூடுதல். விண்டோஸ் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸில் கூடுதல் கடிகாரம் சேர்க்கும் பிரிவைத் திறந்து, பெய்ஜிங் என்று உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். டாஸ்க்பாரில் உள்ள நேரத்தின் மீது மவுஸைக் கொண்டு சென்றால் இரண்டு நேரமும் தெரியும். "தினமும் நம் நேரம் இரவு ஏழு மணிக்கு நான் பேசுவேன்; வாட்ஸ்அப் இல்லையென்றால் சாதாரண போன் கால் வரும்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

9. பவர் பேங்க், பிளக்

அங்கு மின்சாரம் 220 வோல்ட் என்பதால் நம் சார்ஜரே போதும். ஆனால் நம் மூன்று உருண்டை முனை பிளக் அங்குள்ள தட்டை முனை சாக்கெட்டில் பொருந்தாது. ஒரு அடாப்டர் வாங்கிச் செல்லுங்கள். சீனாவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு விமானத்தில் செல்பவர்கள் கவனிக்கவும்: 2025 ஜூன் 28 முதல், 3சி என்ற சீனத் தர முத்திரை இல்லாத பவர் பேங்குகளை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை.

2020ல் நின்றுபோன இந்திய - சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கிவிட்டன. இனி நம் பக்கத்திலிருந்தும் பலர் செல்வார்கள். கடைக்கு வந்த அந்த இளைஞருக்கு ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். கடைசியில் முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்து, "லேப்டாப்பை ஓட்டலில் விட்டுட்டுப் போனாலும் பரவாயில்லை தம்பி, இதைச் சட்டைப் பையில வச்சுக்கோங்க" என்றேன். நீங்களும் வைத்துக் கொள்ளுங்கள்.