மண்ணின் பலம் எவ்வளவு?

லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீர் மலையிலிருந்து குழாய்களில் இறங்குகிறது. மின்சார எந்திரங்களைச் சுழற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் பாய்கிறது.

அங்கே நடவு வயலில் இறங்கினால் கால் புதைகிறது. காய்ந்த வரப்போ மாட்டையும் தாங்குகிறது! மண் ஒன்றுதான். ஈரம் கூடினால் பலம் குறைகிறது.

மண்ணின் பலம் தெரியாமல் கரை கட்டினால், கரை சரியும். உயிருக்கே ஆபத்து. அதை அளப்பது எப்படி?

இளகிய களிமண்ணுக்கு ஒரு கருவி உண்டு. கம்பி நுனியில் நான்கு தகடுகள், மத்துப் போலிருக்கும். மண்ணுக்குள் அழுத்தி மெல்லத் திருக வேண்டும். நிமிடத்துக்கு 6 டிகிரிதான்! முடிவில் மண் உருளையாக அறுபட்டுச் சுழலும்.

தகடுகளின் மொத்த அகலம் 5 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்போம். 100 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 1 கிலோ விசை கொடுத்ததும் மண் அறுந்தது. 100-ஐ 3-ஆல் பெருக்கினால் 300. அகலம் 5×5×5, அதாவது 125. அதை 11-ஆல் பெருக்கினால் 1,375. 300-ஐ 1,375-ஆல் வகுத்தால், சதுர செ.மீ.க்குச் சுமார் 218 கிராம். அதுவே மண்ணின் பலம்!

ஆனால் பசைமிக்க களிமண்ணில் இக்கணக்கு பலத்தைக் கூட்டிக் காட்டும். சரிந்த கரைகளை ஆராய்ந்த நார்வே பொறியாளர் பியெரும், 1972-ல் இதற்குத் திருத்தம் சொன்னார். விடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

கல்லும் சரளையும் நிறைந்த மலையடி மண்ணுக்கு இக்கருவி உதவாது. மண்ணை அறிந்தே கருவியை எடுக்க வேண்டும்.