ரெக்கார்டு பிளேயரை கம்ப்யூட்டருடன் இணைக்கும் முன்...

சாமளாபுரம், சோமனூர் பக்கம் கல்யாணம், கோவில் நோம்பி என்றால் ஒரு காலத்தில் மைக் செட்டும் இசைத்தட்டும் கட்டாயம் இருக்கும். அந்தத் தட்டுகளில் சில இன்னும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் வாங்கியதும் அவற்றை எம்.பி.3 பைல்களாக மாற்ற ஆசை வரும். ஆனால் பிளேயர் வயரை நேராக கம்ப்யூட்டரில் சொருகினால், பெரும்பாலும் பாட்டு கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும்.

முள்ளைத் தாங்கியிருக்கும் சிறு பெட்டிக்கு கார்ட்ரிட்ஜ் என்று பெயர். முள்ளின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது இதுதான். மூவிங் மேக்னட், அதாவது எம்.எம். வகை கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். கம்ப்யூட்டரின் லைன் இன் எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். இடையில் வைக்கும் போனோ ப்ரீஆம்ப் இதை 100 மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்குகிறது.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. தட்டில் பதியும்போது கனத்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் கோடுகள் அகன்று, தட்டில் கொஞ்சம் பாட்டுதான் அடங்கும். அமெரிக்காவின் ஆர்.ஐ.ஏ.ஏ. அமைப்பு 1954-ல் வகுத்த கணக்குப்படி, ப்ரீஆம்ப் இதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறது. 

எல்லா கார்ட்ரிட்ஜுக்கும் ஒரே ப்ரீஆம்ப் பொருந்தாது. எம்.எம். வகைக்கு 47 கிலோ ஓம் இன்புட் வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இதுதான். விலை கூடிய மூவிங் காயில் வகை அரை மில்லிவோல்ட்கூடத் தராது. அதற்கு 60 டெசிபல் பெருக்கம் தேவை.

எச்.எம்.வி. ஃபியெஸ்டா போன்ற பழைய பெட்டி பிளேயர்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். அதுவே சில நூறு மில்லிவோல்ட் தரும். 300 மில்லிவோல்ட்டை 100 மடங்கு பெருக்கினால் 30 வோல்ட்! எந்த ப்ரீஆம்பும் தாங்காது, பாட்டு கரகரவென்று சிதையும். இதற்குத் தேவை 1 மெகா ஓம் இன்புட். அது குறைந்தால் கனத்த ஒலி மறைந்துவிடும். யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் கிடார் சொருகும் இன்புட் இந்த அளவில் இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். ப்ரீஆம்பே வேண்டாம். ஸ்பீக்கர் வயரை மட்டும் கம்ப்யூட்டரில் கொடுத்துவிடாதீர்கள்.

புதிய பிளேயர் வாங்கியவர்கள் பின்பக்கம் போனோ/லைன் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ப்ரீஆம்ப் உள்ளேயே உள்ளது. லைனில் வைத்து நேராக இணைக்கலாம். அதன்மேல் இன்னொரு ப்ரீஆம்ப் மாட்டினால் ஒலி கெடும்.

லேப்டாப்களில் இப்போது லைன் இன் அநேகமாக இல்லை. மைக் துளை மோனோ என்பதால் அது உதவாது. லைன் இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்குங்கள். பதிவு செய்ய ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது. மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 78 சுற்றுத் தட்டை எல்.பி. முள்ளால் ஓட்ட வேண்டாம், அதற்கு முள்ளே வேறு.

உம்ம் என்ற இரைச்சல் வந்தால், பிளேயரிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் வயரை ப்ரீஆம்பின் ஸ்குரூவில் இறுக்குங்கள். தறி மோட்டார் ஓடும் லைனிலேயே வீட்டுக் கரண்டும் வந்தால், மோட்டார் போடும்போதெல்லாம் பதிவில் 'டிக்' என்று விழலாம். தறி நிற்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.