விளக்கெண்ணெயிலிருந்து வரும் மல்லிகை வாசம்

முகூர்த்த நாட்களில் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது உண்டு. கோடையில் வரத்து குவிந்தால் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது. மாலைக்கும் தலைக்கும் போக மிஞ்சிய பூவுக்கு அப்போது போக்கிடம், சுற்றுவட்டாரத்தில் உள்ள சென்ட் ஃபேக்டரிகள்தான்.

அங்கே பூவைக் கொதிக்க வைப்பதில்லை. மல்லிகை வாசம் அந்தச் சூட்டைத் தாங்காது. துளையிட்ட தட்டுகளில் பூவைப் பரப்பி, ஹெக்சேன் என்ற கரைப்பானை ஓடவிடுகிறார்கள். அது வாசத்தையும் மெழுகையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பிறகு ஹெக்சேனை ஆவியாக்கிப் பிடித்துக்கொண்டால் எஞ்சுவது 'கான்கிரீட்' என்ற மணமான மெழுகு. அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிர வைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் 'அப்சல்யூட்' கிடைக்கும். ஒரு டன் பூ போட்டால் கான்கிரீட் இரண்டு மூன்று கிலோ தேறுவதே பெரிது. அப்சல்யூட் அதிலும் பாதியளவுதான்.

இந்தக் கணக்கில் பத்து ரூபாய் சோப்புக்கும் ஊதுபத்திக்கும் மல்லிகையைச் சேர்க்க முடியாது. அங்கே வீசுவது ஆலையில் தொகுத்த வாசம்.

மல்லிகை வாசத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்று பென்சைல் அசிட்டேட். இதைச் செய்வது எளிது. பெட்ரோலியத்திலிருந்து வரும் டொலுவீனில் ஒளியின் துணையோடு குளோரினைச் செலுத்தினால் பென்சைல் குளோரைடு. அதைச் சோடியம் அசிட்டேட்டுடன் சூடாக்கினால் பென்சைல் அசிட்டேட். பூவில் இருப்பதும் இதுவும் ஒரே மூலக்கூறுதான். ஆனால் தனியாக முகர்ந்தால் வாழைப்பழ எசன்ஸ் நினைவுதான் வரும்.

இன்னும் சுவாரசியமானது ஜாஸ்மின் ஆல்டிஹைடு என்று வாசனைத் தொழிலில் வழங்கும் அமைல் சின்னமால்டிஹைடு. மல்லிகைப் பூவில் இது இல்லை. மூக்கு மட்டும் மல்லிகை என்று ஏமாந்துபோகும். இதன் பாதி ஆமணக்கிலிருந்து வருகிறது. ஆமணக்கு விளைச்சலில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு, பெரும்பகுதி குஜராத்தில். விளக்கெண்ணெயை மெத்தில் எஸ்டராக மாற்றி, ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செலுத்தினால், அதன் நீண்ட கார்பன் சங்கிலி குறிப்பிட்ட ஓரிடத்தில் முறியும். ஏழு கார்பன் கொண்ட துண்டு ஹெப்டனல். அதைக் காரத்தின் முன்னிலையில் பென்சால்டிஹைடுடன் இணைத்தால் வேலை முடிந்தது.

சொல்வதற்குத்தான் சுலபம். ஹெப்டனலை மொத்தமாகக் கொட்டினால் அது பென்சால்டிஹைடைத் தேடாமல் தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். சிக்கெடுத்த எண்ணெய் நாற்றம் கிளம்பும். அதனால் பென்சால்டிஹைடை அதிகமாக வைத்து, ஹெப்டனலை மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். ஆய்வுக்கூடக் குடுவைக்கும் ஆலைக் கலனுக்கும் இதே விதிதான். பென்சால்டிஹைடு எந்த வழியில் வந்தது என்பதும் முக்கியம்: குளோரின் வழியில் செய்ததில் குளோரின் சேர்மங்கள் துளி தங்கினாலும் மணம் கெடும். டொலுவீனைக் காற்றால் ஆக்சிஜனேற்றம் செய்த சரக்கு இந்த வகையில் மேல்.

வாசனைத் திரவிய உலகையே திருப்பிப்போட்டது வேறொரு பொருள். ஜெனீவாவின் ஃபிர்மெனிச் நிறுவன வேதியியலர் எதுவார் தெமோல், 1960-களின் தொடக்கத்தில் மல்லிகை அப்சல்யூட்டில் மெத்தில் ஜாஸ்மோனேட்டைக் கண்டறிந்தார். அதைத் தொகுப்பது சிரமம். அதன் இரட்டைப் பிணைப்பு ஒன்றை விட்டுவிட்ட எளிய உறவான மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட்டைத் தொகுக்க, சைக்ளோபென்டனோனும் பென்டனலும் போதுமான தொடக்கம். ஹெடியோன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1966-இல் தியோரின் 'ஓ சவாஜ்' அதைப் பயன்படுத்திப் புகழ்பெற்றது.

ரசாயனம் பூவை விரட்டிவிடும் என்ற பயம் நிலக்கோட்டையைப் பொறுத்தவரை மிகை. இரண்டுக்கும் வாடிக்கையாளர் வேறு. சிறிதளவே இருக்கும் இண்டோலும் ஜாஸ்மோனும் இன்னும் பல கூறுகளும் சேர்ந்து தரும் முழு வாசத்துக்காகத்தான் உயர்ரக வாசனைத் தயாரிப்பாளர்கள் அப்சல்யூட்டுக்கு விலை கொடுக்கிறார்கள். உண்மையான தொல்லை, அப்சல்யூட்டில் ஆலைச் சரக்கைச் சேர்க்கும் கலப்படம்.

அதைப் பிடிக்க வழி உண்டு. வாயு நிறவரைவியல் சோதனையில் ஜாஸ்மின் ஆல்டிஹைடு தலைகாட்டினால் கலப்பு அம்பலம், பூவில் இல்லாத பொருளல்லவா! பென்சைல் அசிட்டேட்டைச் சேர்த்திருந்தால் கார்பன்-14 அளவைப் பார்க்க வேண்டும்: பூவின் கார்பனில் அது இருக்கும், பெட்ரோலியத்தின் கார்பனில் இருக்காது.

ஜாஸ்மின் ஆல்டிஹைடையே தனியே இந்தச் சோதனைக்கு அனுப்பினால், அதன் பதினான்கு கார்பன்களில் ஏழு ஆமணக்கு வயலிலிருந்தும் ஏழு எண்ணெய்க் கிணற்றிலிருந்தும் வந்தவை என்று கணக்குச் சொல்லும்.