அம்மாவின் முழங்கால் வலியை ஃபதேபூர் சிக்ரியில்தான் தெரிந்துகொண்டோம்! - டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் குடும்பப் பயணம்

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. இது எங்களுக்குத் தெரியவந்தது காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டில் அல்ல. அங்கிருந்து கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் தள்ளி, ஃபதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசா படிகளில்!

அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் தம்பி, நான். நாலு பேரும் ஒன்றாக வெளியூர் போய் ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. அதுவும் ஒரு கல்யாணத்துக்காகப் போனதுதான். இந்த முறை ஆயுத பூஜை விடுமுறையோடு சில நாள்கள் லீவு சேர்த்து டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று முடிவு செய்தோம். அப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் பட்டியல் எழுதினார். மொத்தம் 18 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் வேறு. "இவ்வளவு தூரம் போறோம். திரும்ப எப்போ வரப் போறோம்? எதையும் விடக் கூடாது" என்பது அவர் கட்சி.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறினால், இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் ரயிலில்தான். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல் எனச் சாப்பாடு மொத்தமும் கையோடு வந்தது. அம்மாவுக்கு ஜன்னலோரக் கீழ் பெர்த். அந்தப் பகல் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு!" என்றார். டூர் சந்தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரே நாளில் ஆறு இடம்

டெல்லியில் முதல் நாள் அப்பாவின் நோட்டுப்படியே நடந்தது. செங்கோட்டை, ஜாமா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை, கடைசியாகக் குதுப் மினார். ஒவ்வொன்றிலும் போட்டோ எடுப்பது, வண்டியில் ஏறுவது, அடுத்த இடம். இப்போது அந்த போட்டோக்களைப் பார்த்தால், ஹுமாயூன் கல்லறையில் எடுத்தது எது, செங்கோட்டையில் எடுத்தது எது என்று எங்களுக்கே சந்தேகம் வருகிறது.

குதுப் மினார் 72.5 மீட்டர் உயரம். உள்ளே 379 படிகள். 1981-ல் உள்ளே நடந்த நெரிசல் விபத்தில் 45 பேர் இறந்த பிறகு, மேலே ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இதைச் சொன்னதும் தம்பிக்கு ஏமாற்றம். அம்மாவோ, "ஏற விட மாட்டாங்களா? நல்லதாப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பக்கத்திலேயே இருக்கும் இரும்புத்தூணுக்கு 1,600 வயது. மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடித்து அழியாத குப்தர் காலத்துத் தூண். அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார் அப்பா!

50 ரூபாய் டிக்கெட்டே போதும்!

ஆக்ராவில் காலையிலேயே தாஜ்மஹாலுக்குப் போய்விட்டோம். நம் நாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். மேலே ஏறிப் பிரதானக் கல்லறைக்குள் போக வேண்டுமென்றால் இன்னொரு 200 ரூபாய். "எனக்கு 50 ரூபா டிக்கெட்டே போதும். மேல போய் சமாதியைத்தானே பார்க்கணும்? நான் கீழேயே தோட்டத்துல இருக்கேன்" என்றார் அம்மா. காசு மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தோம். அவருக்கு அது வழக்கம்தானே!

நாங்கள் மூவரும் மேலே போனோம். 14-வது பிரசவத்தில், 1631-ல் இறந்துபோன மும்தாஜுக்காக ஷாஜஹான் எழுப்பியது இது. கூட்டத்தோடு கூட்டமாக ஒரு சுற்று சுற்றி வெளியே வந்தபோது, தூரத்தில் பெஞ்சில் அம்மா சின்னப் புள்ளியாகத் தெரிந்தார்.

பிற்பகலில் ஆக்ரா கோட்டை. 1658-ல் மகன் ஔரங்கசீப்பால் சிறைவைக்கப்பட்ட ஷாஜஹான், 1666-ல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். மகள் ஜஹனாரா உடனிருந்து பார்த்துக்கொண்டார். யமுனை வளைவுக்கு அப்பால் தாஜ்மஹால் தெரியும் இடத்தில் நின்று, இதை கைடு சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அங்கிருந்த கல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "கட்டினவரே எட்டு வருஷம் இங்கே உட்கார்ந்துதான் பார்த்திருக்காரு. நானும் உட்கார்ந்தே பார்க்கிறேனே" என்றார். அதற்கும் சிரித்தோம்.

"யாரு கேட்டீங்க?"

மறுநாள் ஜெய்ப்பூர் போகும் வழியில் ஃபதேபூர் சிக்ரி. சூஃபி ஞானி சலீம் சிஷ்டி வாழ்ந்த இடம் என்பதால், 1571-ல் அக்பர் இங்கே புதுத் தலைநகரைக் கட்டத் தொடங்கினார். 1585-ல் அவர் லாகூருக்குப் போன பிறகு இது தலைநகராக நீடிக்கவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பார்கள். மசூதியின் தெற்கு வாசல்தான் புலந்த் தர்வாசா. 54 மீட்டர் உயரம். அதற்குக் கீழே செங்குத்தான படிகள்.

அப்பா வேகமாக ஏறிக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் பின்னாலேயே. பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால், அம்மா நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. முகம் வியர்த்திருந்தது.

அப்பா இறங்கி வந்து, "என்ன, இங்கேயே உட்கார்ந்துட்டே? ஜெய்ப்பூருக்கு நேரமாகுது" என்றார்.

"என்னால முடியலைங்க. நாலு நாளா இழுத்துக்கிட்டு வரேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"யாரு கேட்டீங்க?"

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால், எங்கள் மூவருக்குமே பேச்சு வரவில்லை. குதுப் மினார், 50 ரூபாய் டிக்கெட், கல் திண்ணை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அதற்கு முன்னால் வீட்டில் நடந்தவையும்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை அம்மா எப்போதோ நிறுத்திவிட்டார். "கீழேயே நல்லா வெயில் அடிக்குதே" என்பார். காலையில் ஆளுக்கொரு பக்கம் ஓடும் நாங்கள், துணி எங்கே காய்கிறது என்றா பார்த்தோம்?

அன்று இரவு ஜெய்ப்பூர் அறையில் அப்பா நோட்டை எடுத்தார். மீதியிருந்த இடங்களில் பாதியைப் பேனாவால் அடித்தார். அவர் மிகவும் ஆசைப்பட்ட ஆமேர் கோட்டையும் அதில் போனது.

நிழலைப் பார்த்துக்கொண்டு ஒரு காலை

மறுநாள் நானும் தம்பியும் மட்டும் விடிந்ததும் ஆமேர் போய்விட்டு வந்தோம். "நீங்களும் போங்க" என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் அப்பா வரவில்லை. திரும்பி வந்தபோது, இருவரும் ஹவா மஹாலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். 1799-ல் கட்டப்பட்ட அந்த ஐந்து அடுக்கு மாளிகையில் 953 ஜன்னல்கள் என்று சொல்வார்கள். அம்மா எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் கணக்கை விட்டுவிட்டாராம். அப்பா இரண்டாவது டீயில் இருந்தார்.

அடுத்து ஜந்தர் மந்தர். 1727-ல் ஜெய்ப்பூரை நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் அமைத்த வானியல் கூடம். அங்கேயிருக்கும் சாம்ராட் யந்திரம், 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரம். அதன் நிழல் நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கால் மணி நேரம் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. 18 இடங்களில் எதையாவது நிஜமாகவே பார்த்தோம் என்றால், அது இதுதான்.

சிட்டி பேலஸில் ஆளுயர வெள்ளிக் குடங்கள் இரண்டு இருக்கின்றன. 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் போன மகாராஜா இரண்டாம் மாதோ சிங், கங்கை நீரை இப்படிப்பட்ட குடங்களில் நிரப்பிக் கப்பலில் கொண்டுபோனார். ஒரு குடம் 345 கிலோ. "நான் நாலு டப்பா புளியோதரை எடுத்ததுக்கு என்னா கிண்டல் பண்ணீங்க!" என்றார் அம்மா. அந்த டூரிலேயே அவர் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

வீடு திரும்பிய நாள்

டெல்லி வந்து ரயிலேறி, காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். பத்து நாள்கள் பூட்டிக்கிடந்த வீட்டில் அடைசல் வாசனை. வாசலில் சருகு. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் ஊற்றியதில் துளசி மட்டும் செழிப்பாக இருந்தது. பையை வைத்ததுமே அம்மா பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போனார். தம்பி தடுத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கடையில் இட்லி வாங்கி வந்தான். நான் வீட்டைப் பெருக்கினேன். நான்கு பேரின் அழுக்குத் துணியையும் துவைத்து, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனது அப்பா.

அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "மூட்டுத் தேய்மானம்தான். ஆரம்ப நிலை. பயிற்சி செய்தால் நல்லா கட்டுப்படுத்தலாம்" என்றார். "எவ்வளவு நாளா வலி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒன்றரை வருஷமா" என்றார் அம்மா.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது தினமும் காலையில் அம்மா பிசியோதெரபி பயிற்சி செய்கிறார். எண்ணுவது அப்பா. வலி குறைந்திருக்கிறது. போன ஞாயிறு, எங்கள் ஊர் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். தாஜ்மஹாலைவிட 900 வருடங்களுக்கும் மேல் மூத்தது, ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாங்கள் போயே பல வருடங்கள் ஆகியிருந்தன. கருவறையைச் சுற்றிவர, குனிந்து தவழ்ந்து போக வேண்டிய குறுகலான வழி ஒன்று அங்கே உண்டு. தம்பி உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்தான்.

அம்மா அந்த வழியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் நானும் வரேன்" என்றார். அப்பா நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுப் பெரியவர்களோடு கிளம்புகிறீர்களா?

* தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை. ரயில் டிக்கெட் போடும் முன்பே கிழமையைப் பாருங்கள்.

* ரயிலில் 60 நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். 45 வயதைக் கடந்த பெண்களுக்கும், 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு.

* தாஜ்மஹால் வாகன நிறுத்தத்திலிருந்து நுழைவாயில் வரை பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. சக்கர நாற்காலி வசதியும் உண்டு. உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம்.

* ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டியதில்லை. இரண்டாகப் பிரிந்தும் போகலாம்.

* "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.