தாராசுரம் தாண்டியாச்சு

பாபநாசத்தில் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு, சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலையில் மார்பை அடைத்துக்கொண்டு வலி வந்து, திண்ணைத் தூணில் சாய்ந்தபடி அவர் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தபோது, சுற்றி நின்ற எங்களில் ஒவ்வொருவரும் ஏதாவது ஆறுதல் சொல்லியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்துக்கு ஆளானோம். "ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே" என்றார் ஒருவர். "வாயுவாத்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், பரோபகார சிந்தையுள்ளவர்தான், "எங்க சகலைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று தொடங்கி, அந்தச் சகலை இப்போது உயிரோடில்லை என்பது நினைவுக்கு வரவே, வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டார். நான் என் பங்குக்கு, "பயப்படாதீங்க" என்றேன். அதுவரை பயப்படாமல் இருந்திருந்தாலும் என் வார்த்தையைக் கேட்ட பிறகு அவர் பயந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

நர்ஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு அம்மாள், 108-க்குப் பேசி முடித்துவிட்டு வந்தார். எங்களைப்போல் அவர் நின்றுகொண்டு பேசவில்லை; தரையில் உட்கார்ந்து, தபால்காரர் முகத்துக்கு நேரே தம் முகம் இருக்கும்படி நகர்ந்து, தோளில் கையை வைத்து, "அண்ணே, நெஞ்சு ரொம்ப வலிக்குது, எனக்குத் தெரியுது. வண்டி கிளம்பிருச்சு. அது வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன். முதுகைத் தூணுக்குக் கொடுத்துருங்க. மூச்சை மெதுவா வெளியே விட்டாப் போதும்" என்றார். அந்த நாலைந்து வாக்கியங்களில் ஒரு பொய்கூட இல்லை என்பது எனக்கு உறைக்க வெகுநாள் பிடித்தது.

நம் ஜனங்கள் ஆபத்துச் சமயத்தில் சொல்கிற 'ஒன்றுமில்லை' அன்பினால் விளைந்த சொல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், வலியால் துடிப்பவனிடம் அவன் அனுபவித்துக்கொண்டிருப்பது இல்லவே இல்லை என்று சாதிக்கிற சொல் அது. தன் சரீரம் சொல்வதை நம்புவதா, எதிரே நிற்பவர் சொல்வதை நம்புவதா என்ற கேள்வி எழும்போது அவன் தன் சரீரத்தையே நம்புகிறான். எதிரே நிற்பவரை நம்புவது அந்தக் கணத்தோடு போயிற்று.

இந்த நுட்பத்தை நன்கு அறிந்தவர் அமெரிக்க மனோவைத்தியர் மில்டன் எரிக்ஸன். மூன்று வயதான அவருடைய மகன் கொல்லைப்புறப் படிகளில் உருண்டு விழுந்து, உதடு பிளந்து, மேற்பல் ஒன்று ஈறுக்குள் அழுந்தி, ரத்தம் பெருக அலறியபோது, தகப்பனார் உடனே தூக்கிச் சமாதானம் செய்யவில்லை. குழந்தை அடுத்த அலறலுக்காக மூச்சை இழுக்கிற அந்த இடைவெளிக்குக் காத்திருந்து, இது பயங்கரமாக வலிக்கிறது என்று அழுத்தமாகச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் வலிக்கத்தான் செய்யும் என்றும் சொன்னார். தன் நிலைமை இவருக்குப் புரிகிறது என்று குழந்தைக்குத் தெரிந்த பிறகே, வலி சீக்கிரம் நின்றுவிடக்கூடும் என்ற பேச்சை எடுத்தார். அப்புறம் அந்த ரத்தத்தையே விஷயமாக்கி, அது நல்ல சிவப்பான பலமுள்ள ரத்தம்தானா என்று தாயாரைப் பரிசோதிக்கச் சொல்லி, தண்ணீரில் கலந்தால் சரியான இளஞ்சிவப்பு வருகிறதா என்று மகனையும் பார்க்க வைத்து, தையல் போடும் வேளை வந்தபோது எத்தனை தையல் கிடைக்கும் என்று எண்ணுகிற உற்சாகத்துக்கே அவனைக் கொண்டுவந்துவிட்டார். எல்லாத் தகப்பன்மாருக்கும் இவ்வளவு நிதானம் வாய்க்காது. ஆனால் முதல் வாக்கியம் உண்மையாக இருக்கவேண்டும் என்பதைக் கடைப்பிடிக்க மனோதத்துவப் பாண்டித்தியம் தேவையில்லை.

ஒரு குழந்தையின் கதையை வைத்து சாஸ்திரம் எழுதிவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு பாஸ்டன் நகரம் பதில் சொல்கிறது. 1846 அக்டோபர் 16-ஆம் தேதி ஈதர் என்னும் மயக்க மருந்தின் சக்தியை உலகறியக் காட்டிய மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியிலேதான், ஒரு நூற்றாண்டுக்கும் அதிகமான காலம் கழித்து, லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும், வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளவிருந்த 97 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் விசேஷமாகப் பேசிப் பார்த்தார்கள். வலி எங்கே வரும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், தையலுக்கு அடியிலுள்ள தசைகள் இறுகுவதால் அது வருகிறது, அவற்றைத் தளர்த்துவது எப்படி, புரண்டு படுப்பது எப்படி என்பதெல்லாம் அந்தப் பேச்சு. யாரிடம் பேசப்பட்டது என்பது கத்தி பிடித்த மருத்துவர்களுக்குத் தெரியாது. பேச்சைக் கேட்டவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநிவாரண மருந்து மற்றவர்களுக்கு ஆனதில் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். 1964-இல் வெளியான இந்த முடிவை, மருந்துக் கம்பெனி எதனாலும் இதை விற்கமுடியாது என்பதாலோ என்னவோ, வைத்திய உலகம் அதற்குரிய ஆரவாரத்துடன் கொண்டாடவில்லை.

இதற்கு நேர்விரோதம்போல் தோன்றும் மற்றொரு பரிசோதனை 2010-இல் அதே நகரத்திலிருந்து வெளியாயிற்று. பிரசவ காலத்தில் முதுகை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்காகக் காத்திருந்த 140 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினரிடம், பெரிய தேனீ கொட்டுவதுபோல் இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம் என்றும், மறுபகுதியினரிடம், இந்த இடத்தை மரத்துப்போகச் செய்து உங்களுக்குச் சௌகரியமாக்கப் போகிறோம் என்றும் சொன்னார்கள். ஒரே மருந்து, ஒரே விதமான ஊசி. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது முதல் பிரிவினரின் நடுத்தர மதிப்பு 5. இரண்டாம் பிரிவினருடையது 3.

அப்படியானால் வலியைப் பற்றிச் சொல்லலாமா, கூடாதா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பேதம் விளங்குகிறது. எக்பர்ட், வந்தே தீரும் வலியைச் சொன்னதோடு, அதைச் சமாளிக்க ஒரு பிடிமானத்தையும் நோயாளியின் கையில் கொடுத்தார். தேனீக் கதை சொன்னவரோ பயத்தை மட்டும் கொடுத்தார். இருக்கிற வலியை ஒப்புக்கொள்வது வேறு, இல்லாத வலிக்குக் கட்டியம் கூறுவது வேறு. பேச்சின் பலன் வலியோடு மட்டும் நிற்பதுமில்லை. எல்வீரா லாங் என்ற கதிரியக்க மருத்துவர், ரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் சிகிச்சை பெற்ற 241 பேரை வைத்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கமில்லாமல் மேஜையில் கிடக்கும் நோயாளிக்குக் கற்பனையில் ஆழ்த்தும் அமைதிப் பேச்சைத் தொடர்ந்து அளித்தால், சிகிச்சைக்கு ஆகும் நேரமே சராசரியாக 78 நிமிஷத்திலிருந்து 61 நிமிஷமாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்.

வார்த்தை இப்படி உதவுவதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. பீதியில் சுரக்கும் அட்ரினலின் நாடியை ஓடவைக்கிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஏற்கெனவே பிராணவாயு போதாமல் தவிக்கும் ஹிருதயத்தின் மீது மேலும் பாரம் சுமத்துகிறது. அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைப்பதே வார்த்தை செய்யும் உபகாரம். பேசியே ரத்தப்பெருக்கை நிறுத்திவிடலாம் என்று பிரசங்கம் செய்வோரும் உண்டு. நான் அவர்கள் கட்சி அல்ல. ரத்தத்தை நிறுத்தத் துணியை வைத்து அழுத்தவேண்டும். அழுத்துகிற கை அழுத்திக்கொண்டிருக்கும்போது வாய் என்ன செய்யவேண்டும் என்பதே இங்கே கேள்வி.

கையே எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு வாய்தான் சகலமும். ஸால்ட் லேக் ஸிட்டியில் தீயணைப்புத் துறையைச் சேர்ந்த மருத்துவர் ஜெஃப் கிளாஸன், 1970-களின் இறுதியில், ஆபத்து அழைப்புகளை எடுப்பவர்களுக்கென்று கேள்விகளும் யோசனைகளும் எழுதிய அட்டைகளைத் தயாரித்தார். மறுமுனையில் ஒருவர் தலைகால் தெரியாமல் கூச்சலிடும்போது, பதிலுக்குக் குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே ஸ்வரத்தில், காரணத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஒவ்வொரு தடவையும் சொற்களை மாற்றினால், கேட்பவர் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குழம்புகிறார். தூளியை ஒரே தாளத்தில் ஆட்டும் நம் பாட்டிமார்களுக்கு இது புதிய சமாசாரமாகத் தோன்றாது.

நம் பாஷையிலேயே இதற்கு உகந்த வாக்கியம் ஒன்று வெகுகாலமாக இருந்துவருகிறது. அடிபட்டுப் பிழைத்தவரைப் பார்க்கப் போகிறவர்கள், 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. தலைப்பாகை போனது போனதுதான். ஆனால் தலை மிஞ்சியிருக்கிறது. குறை என்னவென்றால், இந்த அருமையான வாக்கியத்தை ஆபத்து நீங்கி நாலு நாள் கழித்து, ஆரஞ்சுப் பழத்தோடு எடுத்துக்கொண்டு போகிறோம்.

அன்றைக்கு வண்டி வந்தபோது அந்த அம்மாளும் கூடவே ஏறிக்கொண்டார். கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் தபால்காரர் திரும்பி வந்தார். வண்டிக்குள் நடந்ததில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். முகமூடி வைத்தார்கள், ஏதோ ஊசி போட்டார்கள், அதெல்லாம் மங்கலாகத்தான் இருக்கிறது என்றார். "அந்தம்மா மட்டும் ஜன்னலைப் பார்த்துப் பார்த்து ஊர்ப்பேரைச் சொல்லிட்டே வந்தாங்க, சார். 'அண்ணே, சுந்தரப்பெருமாள் கோயில் தாண்டியாச்சு', 'அண்ணே, தாராசுரம் தாண்டியாச்சு'ன்னு. முப்பது வருஷம் தபால் கொண்டுபோன ரோடு இல்லியா? வலி குறைஞ்சுதான்னு கேட்டாத் தெரியாது. சுந்தரப்பெருமாள் கோயில் வரைக்கும் தாங்கினவன், தாராசுரம் வரைக்கும் தாங்க மாட்டானான்னு தோணிச்சு."