பேரழகிப் பட்டம் யாருக்கு?

ஏற்காடு அடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே மயில்கொன்றை கண்ணில் பட்டுவிடுகிறது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த இதழ், விளிம்பில் மஞ்சள் கரை, நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு வெளியே நீளும் சிவப்பு மகரந்தத் தாள்கள். கிளையைப் பிடித்தால் முள் குத்தும். தாவரவியலில் இதன் பெயர் சீசல்பினியா புல்கெர்ரிமா.

லத்தீனில் 'புல்கெர்' என்றால் அழகு வாய்ந்த, 'புல்கெர்ரிமா' பேரழகி. ரோமில் கிளாடியஸ் குலத்தின் ஒரு கிளைக்கே 'புல்கெர்' பட்டப்பெயர். பின்னாளில் பேச்சுவழக்கில் 'பெல்லுஸ்', 'ஃபார்மோசுஸ்' இரண்டும் அதை ஓரங்கட்டின. இத்தாலியரின் 'பெல்லோ', ஸ்பானியரின் 'எர்மோசோ' எல்லாம் அவற்றின் வாரிசுகள். வழக்கொழிந்த சொல்லுக்குத் தாவரவியல் அடைக்கலம் தந்தது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை மயில்கொன்றைக்குச் சூட்டினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவக்கும் பாயின்செட்டியாவும் ஒரு 'புல்கெர்ரிமா'தான். அதன் தாய்மண் மெக்சிகோ. மயில்கொன்றையும் அமெரிக்க வெப்பமண்டலத்து வரவு.

இந்தப் பேரழகிக்கு இன்னொரு கதையும் உண்டு. தாங்கள் பெறும் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்று சுரினாமின் அடிமைப் பெண்கள் இதன் விதையால் கருவைக் கலைத்தார்கள் என 1705-இலேயே இயற்கை ஓவியர் மரியா சிபில்லா மேரியன் எழுதிவைத்தார். பெயரிலோ பூவின் அழகு மட்டுமே இருக்கிறது.

என் கவலையும் அதுதான். பார்வைக்கு எடுப்பானதற்கே பட்டமும் பராமரிப்பும் கிடைக்கின்றன. வெர்னோனியா செவராயென்சிஸ் என்று ஒரு சிறுமரம். சூரியகாந்திக் குடும்பம். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்கே உரியது. அழிவின் விளிம்பில் இருப்பது. தாவரவியலாளர் கேம்பிள் அதற்கு மலையின் பெயரையே வைத்தார். மலைப்பாதை நர்சரிகளில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ரோஜாவும் போகன்வில்லாவும் வேண்டிய நிறத்தில் கிடைக்கின்றன.

வெளியிலிருந்து வந்த பூக்களால் பட்டாம்பூச்சி வருகிறது, பிழைப்பு நடக்கிறது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் மயில்கொன்றை உலகெங்கும் வெப்ப நாடுகளில் பூக்கிறது. இந்தச் சிறுமரத்துக்கு இந்த மலையை விட்டால் போக்கிடம் இல்லை. 1963 முதல் இங்கே இயங்கும் தேசிய ஆர்க்கிட் பூங்கா அரிய செடிகளை வளர்க்கிறது. வேலிக்கு வெளியே அந்த அக்கறை வரவேண்டும். கோடைவிழா மலர்க்காட்சியில் மலைக்குரிய செடிகளுக்கு ஒரு மேசை போடுங்கள், தமிழில் பெயர்ப்பலகை வையுங்கள், நர்சரிக்காரர்களுக்கு நாற்று கொடுங்கள்.