மைதானத்துக்குள் ஒரு பாலர் பாடசாலை

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், துறைமுகத்தை அண்டி சென்ட் பவுலி என்றொரு பகுதி இருக்கிறது. வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி. காலை நேரத்தில் சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பெற்றோர் அங்கு வருகிறார்கள். அவர்கள் வந்து சேரும் இடம் ஓர் உதைபந்தாட்ட மைதானம்! மில்லர்ன்டோர் என்ற அந்த மைதானத்தின் பார்வையாளர் அரங்கக் கட்டடத்துக்குள் 2010ஆம் ஆண்டு முதல் ஒரு பாலர் பாடசாலை நடந்து வருகிறது.

உதைபந்தாட்டத்துக்கும் மழலைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா, சகோதரிகளே?

சற்றுக் கணக்குப் பார்ப்போம். 18 கழகங்கள் ஆடும் லீக் போட்டியில் ஒரு கழகத்துக்கு வருடத்தில் 34 ஆட்டங்கள். அவற்றில் பாதி, அதாவது 17 மட்டுமே சொந்த மைதானத்தில் நடக்கும். வேறு ஆட்டங்கள் சிலவற்றைச் சேர்த்தாலும், வருடத்தின் பெரும்பாலான நாட்களில் அந்தப் பெரிய இடம் பூட்டியே கிடக்கும். ஆட்ட நாளின் சனநெரிசலும் கூச்சலும் அயலவருக்கு. மற்ற நாட்களில் அவர்களுக்குக் கிடைப்பது மதிலும் பூட்டிய கதவும்தான்.

இப்படியான மைதானம் பழுதடைந்து போனால் என்ன செய்வது? இரண்டு ஊர்கள் இரண்டு வழிகளைக் காட்டியிருக்கின்றன.

முதலாவது லண்டன். அங்கு ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் கழகம் 1913 முதல் 2006 மே 7 வரை ஆடியது. பின்னர் அருகிலேயே கட்டிய பெரிய அரங்குக்கு இடம்மாறியது. பழைய மைதானம் தொடர்மாடி வீடுகளாகி 2009இல் திறக்கப்பட்டது. 1936இல் கட்டிய கிழக்கு அரங்கு பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அதன் முகப்பை இடிக்கவில்லை. அதன் உள்ளே இன்று குடும்பங்கள் வசிக்கின்றன. பந்து உருண்ட புற்றரை அவ்வீடுகளின் நடுவே தோட்டமாகிவிட்டது. பார்க்க மிக அழகான வேலை. பழையதை மதித்துச் செய்ததும் உண்மை. ஆனால் அவை விலைக்கு விற்ற வீடுகள். தலைமுறைகளாக அந்த மைதானத்தோடு வாழ்ந்த அயலவர் எல்லோராலும் அங்கு ஒரு வீடு வாங்க முடியுமா?

இரண்டாவது, நாம் தொடக்கத்தில் சொன்ன சென்ட் பவுலி. இங்கு கழகம் வேறிடம் போகவில்லை. குடியிருந்துகொண்டே வீட்டைத் திருத்துவதுபோல, அரங்கின் ஒவ்வொரு பக்கமாக இடித்துக் கட்டினார்கள். 2015இல் வேலை நிறைவுற்றது. இன்று 29,000க்கும் அதிகமானோர் அங்கு ஆட்டம் பார்க்கலாம். அரங்கைத் திருத்தும்போதே, ஆட்டமில்லாத நாட்களில் அந்தப் பகுதிக்கு இதனால் என்ன பயன் என்றும் யோசித்தார்கள். பாலர் பாடசாலைக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

புதிய அரங்கின் ஒரு பகுதியில் பொலிஸ் நிலையம் அமைக்கவும் திட்டமிருந்தது. ஆதரவாளர்கள் அதை எதிர்த்தார்கள். அதோடு நின்றுவிடாமல், அந்த இடத்தை நாங்களே நல்லபடி பயன்படுத்துகிறோம் என்று முன்வந்தார்கள். இன்று அங்கிருப்பது கழகத்தின் நூதனசாலை. மைதானத்தில் நடைபெற்றுவரும் ஓவியக் கண்காட்சியின் வருமானம், வறிய நாடுகளில் சுத்தமான குடிநீர் வழங்கும் பணிக்கு உதவியிருக்கிறது. அந்தப் பணியை 2005இல் ஆரம்பித்தவர் அக்கழகத்தின் வீரராக இருந்த பெஞ்சமின் அட்ரியோன்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? கம்பனிகளின் பெயரை மைதானத்துக்குச் சூட்டி வருமானம் தேடுவது இன்று வழமையாகிவிட்டது. அந்தப் பெயரை விற்பதில்லை என்று சென்ட் பவுலி அங்கத்தவர்கள் 2007இல் தீர்மானித்தார்கள். 2024இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மைதானத்தின் பெரும்பங்கை ஆதரவாளர்களே வாங்க முன்வந்தார்கள். 20,000க்கும் அதிகமானோர் பங்கு வாங்கினார்கள். திரண்ட தொகை ஏறத்தாழ 29 மில்லியன் யூரோ.

மைதானம் ஆண்பிள்ளைகளின் விவகாரம், நமக்கென்ன என்று பெண்கள் ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆனால் நெருக்கமான ஊரிலே எஞ்சியிருக்கும் ஒரே திறந்த வெளி பெரும்பாலும் மைதானமாகத்தான் இருக்கும். பிள்ளை ஓடி விளையாடுவதும், வயோதிபர் காற்று வாங்குவதும், தாய்மார் மாலையில் நடப்பதும் அந்த நிலத்தை நம்பியே. அதைத் திருத்தும் திட்டம் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் நம்மிடமே இருக்கின்றன. ஆட்டமில்லாத நாளில் கதவு திறந்திருக்குமா? பெண்களுக்கு மலசலகூடமும் வெளிச்சமும் உண்டா? பிள்ளையைப் பார்த்தபடி உட்கார நிழல் இருக்குமா? சாவி யார் கையில்?

கைவிட்டுப்போன பொது நிலத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஆகவே இந்தக் கேள்விகளை வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். சீமெந்து காய்ந்த பின் கேட்டுப் பயனில்லை.